ஆச்சியின் கோவையில் பதினொரு கையெழுத்து

வாசகர் ஒருவரின் கேள்வி, 8 மே 2025

உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று தொடங்கிவிட்டீர்கள். போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. வீதி போட்டாயிற்று, மின்சாரம் வந்தாயிற்று. பிள்ளைகளுக்கு வேலையும் அரிசிக்கு நிதானமான விலையும் இருந்தால் சமாதானம் தானாக நிலைக்கும். மாகாண சபைகளை அமைத்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் செத்த பாம்பு. அதை இன்னும் எத்தனை நாளைக்கு அடிப்பது? அதிகாரம் கொழும்பில் இருந்தால் என்ன, யாழ்ப்பாணத்தில் இருந்தால் என்ன? வேலை நடந்தால் சரிதானே?

8 மே, இரவு

வேலை நடக்கவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகள் வடக்கில் ஓர் அரச கந்தோரின் காணிக் கிளையில் இருந்து நான் பார்த்தது அதைத்தான். கொழும்பா யாழ்ப்பாணமா என்பது உங்களுக்கு வெறும் தூரமாகத் தெரிகிறது. என் மேசைக்கு முன்னால் வந்து நின்றவர்களுக்கு, யாரிடம் போய்க் கேட்பது என்பதே அந்தக் கேள்வி. இன்று கோபத்தில் இருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.

9 மே

ஒரு கோவையின், அதாவது ஒரு காணிக் கோப்பின், கதையைச் சொல்கிறேன்.

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூனில் வெளியேறினார்கள். அந்த நிலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. 2015இல் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது, எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரம். 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்த இரவு மழையில் நனைந்து, ஒரு மூலையில் மை பரவியிருந்தது. மூன்று பரப்பு ஐந்து குழி. கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் உண்டு. வடக்கே ஒழுங்கை, தெற்கே பனை வேலி என்று நான்கு எல்லைகளும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

நில அளவையாளரோடு நானும் போனேன். ஒழுங்கை இல்லை. வேலி இல்லை. பனை இல்லை. வீடுகளின் அத்திவாரம்வரை பெயர்த்து நிலத்தைச் சமப்படுத்தியிருந்தார்கள். அளவையாளர் வரைபடத்தை விரித்துத் திசை பார்த்துக்கொண்டிருக்க, ஆச்சி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். நாயுருவி முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. கால் மணி நேரம் இருக்கும். ஓரிடத்தில் குந்தி, கையால் மண்ணைத் தள்ளினார். வளைவாக ஒரு சீமெந்து விளிம்பு தெரிந்தது. கிணற்றுக்கட்டு. உள்ளே இடிந்த சுவர்த் துண்டுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். விளிம்பில், சீமெந்து காயும் முன் ஆணியால் கீறிய எண்: 1974.

"இது அவர் கீறியது, தம்பி" என்றார். அளவையாளர் சங்கிலியை அங்கேயிருந்து பிடித்தார்.

காணியில் பாதி விடுவித்த பகுதிக்குள் வந்தது. மீதி முட்கம்பிக்கு அப்பால். அந்த மீதிக்காகத் திறந்த கோவை கிராம அலுவலரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து மாவட்டச் செயலகத்துக்கும், பிறகு கொழும்பில் இரண்டு அமைச்சுகளுக்கும் போயிற்று. விளக்கம் கேட்டுத் திரும்பி வந்து, மறுபடி போயிற்று. ஓய்வுபெற்ற வாரம் கடைசியாக அதைப் புரட்டினேன். பதினொரு கையெழுத்து. ஆச்சி வாக்களித்து அனுப்பிய எவருடைய கையெழுத்தும் அதில் இல்லை. அப்போது வடக்குக்கு மாகாண சபை இருந்தது. காணி என்ற சொல் அந்தச் சபையின் அதிகாரப் பட்டியலிலும் இருந்தது.

இது எப்படி நடக்கிறது? 1833இல் பிரித்தானியர் முழுத் தீவையும் ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்து, மாகாணத்துக்கு ஓர் அரச அதிபரை வைத்தார்கள். வரி, காணி, ஒழுங்கு எல்லாம் அவர் கையில். அவர் பதில் சொல்ல வேண்டியதோ கொழும்புக்கு. 1948இல் கொடி மாறியது; அரச அதிபரின் கந்தோரான கச்சேரி மாறவில்லை. 1987இல் 13ஆம் திருத்தம் வந்து, மக்கள் தெரிவுசெய்த ஒரு சபையை அந்தக் கச்சேரிக்குப் பக்கத்தில் நிறுத்தியது. ஐந்தே ஆண்டில், 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களை மத்திய அரசின் பக்கம் வைத்துக்கொண்டது. பிறப்புப் பதிவிலிருந்து காணி அனுமதிப்பத்திரம்வரை மக்கள் ஏறி இறங்கும் படி அந்தச் செயலகத்தின் படிதான். சபை அமர்ந்து பேசும் மண்டபம் வேறெங்கோ இருந்தது.

10 மே

"பழைய கதை பேசுகிறீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய கதையில்தான் காணி இருக்கிறது, ஐயா. 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சியின் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பிரதேச சபைகள் அமைய வேண்டும். விவசாயம், காணி, குடியேற்றம், கல்வி, சுகாதாரம் அவற்றிடம் போக வேண்டும். குடியேற்றத் திட்டங்களில் யாருக்குக் காணி என்பதை அந்தச் சபைகளே தீர்மானிக்க வேண்டும். துப்பாக்கி என்ற பேச்சே இல்லாத காலம் அது. அந்த ஆண்டே அதைக் கிழித்தார்கள்.

11 மே

நேற்று எழுதியதில் பிழை. அதே ஆண்டு இல்லை. ஒப்பந்தம் 1957 ஜூலை 26இல் கையெழுத்தானது. 1958 ஏப்ரல் 9 அன்று பிக்குகள் பிரதமரின் வீட்டு முற்றத்தில் வந்து அமர்ந்தார்கள். வாய்ச்சொல் போதாது என்று, ஒப்பந்தம் கைவிடப்பட்டதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்து போனார்கள். எட்டரை மாதம். அடுத்த மாதமே கலவரம்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். 1957 ஒக்டோபரில் அந்த ஒப்பந்தத்துக்கு எதிராகக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டு, இம்புல்கொடையில் தடுக்கப்பட்டவர் ஜே. ஆர். ஜெயவர்த்தன. 1987 ஜூலை 29 அன்று ஜனாதிபதியாக இந்தியாவோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு மாகாண சபைகளுக்கு வழிவிட்டவரும் அவரே. நடுவில் முப்பது ஆண்டுகள். 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தம், 1968இல் கைவிடப்பட்ட மாவட்ட சபை மசோதா, சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக முந்தைய அரசியலமைப்பில் இருந்து 1972 அரசியலமைப்பில் கைவிடப்பட்ட 29ஆம் பிரிவு, 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகம், 1983 ஜூலைக் கலவரம் எல்லாம் அந்த முப்பதுக்குள் கிடக்கின்றன. முதல் ஒப்பந்தத்தை எட்டரை மாதம் இல்லாமல் எட்டு ஆண்டு ஓடவிட்டுப் பார்த்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் குறைவு.

14 மே

மொழியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1956இல் சிங்களம் மட்டும். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தாளில் அந்தக் குறை முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ந்துவிட்டது.

என் மேசையில் ஒரு பென்சில் எப்போதும் சீவியபடி இருக்கும். கொழும்பிலிருந்து ஒரு திணைக்களம் சிங்களத்தில் அனுப்பிய கடிதத்தைப் பலர் என்னிடம் கொண்டுவருவார்கள். அதன் பின்பக்கத்தில் தமிழில் பென்சிலால் எழுதிக்கொடுப்பேன். பேனையால் எழுதினால் அரச கடிதத்தைச் சிதைத்ததாகிவிடும் என்று ஒரு மூத்த எழுதுவினைஞர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். ஒரு பெண் மூன்று வாரம் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு வந்தார். குறிப்பிட்ட திகதிக்குள் நேரில் வரவும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. திகதி போய் ஒன்பது நாள். அவருக்கு என்ன எழுதிக்கொடுப்பது என்று தெரியாமல் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவர் தீய மனிதராக இருந்திருக்கமாட்டார். அவருடைய கந்தோரில் தமிழ் தெரிந்தவர் இருந்திருக்கமாட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அரசு என்றால் அந்தக் கடிதம்.

18 மே

இன்று முள்ளிவாய்க்கால் நினைவு நாள். விவாதம் வேண்டாம். ஒழுங்கை முகப்பில் கஞ்சி காய்ச்சினோம். அரிசி, தண்ணீர், உப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் வாங்கிக் குடித்தார்கள்.

23 மே

இப்போது வடக்கில் எல்லோரும் பேசுவது மார்ச் 28 அன்று அரசு வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலை. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி நிரூபிக்காவிட்டால் அரச காணி. உறுதி எரிந்தவர்கள், பெட்டியோடு கடலில் போனவர்கள், கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள், மரணச் சான்றிதழ்கூட எடுக்க முடியாமல் காணாமல் போனவர்களின் பிள்ளைகள், எல்லோருக்கும் அதே மூன்று மாதம்தான்.

இந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று பாருங்கள். அதன் இலக்கம் 1931இன் 20. அதற்கு முன் 1897இன் தரிசு நிலச் சட்டம். அதற்கும் முன், எல்லாவற்றுக்கும் தாயாக, 1840இன் முடிக்குரிய காணிகள் ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம். உரிமையை நிரூபிக்க முடியாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியவை என்று அனுமானிக்கலாம் என்றது அது. கண்டி நாட்டுச் சிங்களக் கிராமத்தவர் பரம்பரை பரம்பரையாகச் சேனைப் பயிர் செய்த மேட்டுநிலத்துக்கு எழுத்தில் என்ன இருந்தது? ஊரார் வாய்ச்சொல்லும் பழைய வழக்கமும்தான். ஆகவே நிலம் முடிக்குப் போயிற்று. முடி அதைக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. தோட்டத்துக்கு ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து ஏழைகளைக் கொண்டுவந்தார்கள். மன்னாரில் கரையேறி, காட்டு வழியே நடந்தபோது செத்தவர்கள் போக மீதிப் பேர் மலைக்குப் போனார்கள். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பெரும்பாலோரை 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியது. 1952இல் ஒருவரும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் உங்களுக்கு, மூன்று இலட்சம் பேர் எங்களுக்கு என்று பிரித்தார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடித்துவைக்கும் சட்டம் வந்தது 2003இல்.

ஒரே சட்டம் சிங்கள விவசாயியின் மேட்டையும் பறித்தது, தமிழ்க் கூலியின் வருகைக்கும் வழி வெட்டியது. பிறகு அந்த இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டார்கள். அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை இன்று முல்லைத்தீவில் வந்து உறுதி எங்கே என்று கேட்கிறது. இதைச் சிங்களத்தில் எழுதத் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். கண்டியிலும் ஊவாவிலும் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். எங்களைவிட அவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

24 மே

ஆம், 1948 சட்டத்துக்குப் பின் ஜி. ஜி. பொன்னம்பலம் அந்த அரசில் அமைச்சரானார். அதைக் கண்டித்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையக மக்களின் வாக்குரிமை போனபோது யாழ்ப்பாணத்தில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எரிந்தது. எங்கள் வீட்டிலும் எரிந்திருக்கும்.

1 ஜூன்

ஒன்பதாம் திகதி எழுதியதை மீண்டும் படித்தேன். எல்லாப் பழியையும் கச்சேரி மேலும் கொழும்பு மேலும் போட்டிருக்கிறேன். அது முழுமை ஆகாது.

2013 செப்டெம்பர் 21 அன்று நான் வாக்களிக்கப் போன வரிசை இன்னும் கண்ணில் நிற்கிறது. வடக்குக்கென்று தனியாக நடந்த முதல் மாகாண சபைத் தேர்தல். ஊன்றுகோலோடு வந்தார்கள், முகாமில் இருந்து பஸ் பிடித்து வந்தார்கள். 38 ஆசனங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். ஐந்து நாள் கழித்து, அரச காணி மீதான அதிகாரம் மத்திக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 13ஆம் திருத்தம் அமைக்கச் சொன்ன தேசிய காணி ஆணைக்குழு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பொலிஸ் அதிகாரம் எந்த மாகாணத்துக்கும் போகவில்லை. ஆளுநர் ஜனாதிபதியின் ஆள். முதலில் இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல். நிதி தொடர்பான நியதிச் சட்டத்தைச் சபையில் வைக்கவே ஆளுநரின் பரிந்துரை வேண்டும். இவை எல்லாம் உண்மை.

அந்தச் சபை செய்யக்கூடியவையும் இருந்தன என்பதும் உண்மை. மாகாணப் பாடசாலை, ஆதார வைத்தியசாலை, குளம், விவசாயப் போதனாசிரியர், உள்ளூர் வீதி. ஆச்சி போன்றவர்களுக்காக ஒரு காணி உதவி மேசையைச் சபைக் கட்டடத்திலேயே போட்டு, உறுதி இழந்தவர்களின் பட்டியலை ஊர் ஊராக எடுத்திருக்கலாம். அதற்கு எந்த ஆளுநரிடமும் கேட்க வேண்டியதில்லை. மேசையும் கதிரையும் நான்கு ஆட்களும் போதும். நான் ஒருமுறை ஓர் உறுப்பினரிடம் இதைச் சொன்னேன். நல்ல யோசனை என்றார். பிறகு தீர்மானங்கள் வந்தன, உரைகள் வந்தன. 2017 ஜூனில் சொந்தப் பக்கத்து உறுப்பினர்களே முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுபோனார்கள். 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. பட்டியல் எடுத்திருந்தால் இந்த மார்ச் வர்த்தமானி வந்தபோது நாங்கள் வெறுங்கையோடு நின்றிருக்கமாட்டோம்.

இதைச் சொன்னதால், தேர்தல் வேண்டாம் என்று என் வாயில் போடாதீர்கள். பிழை செய்தவரை அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பும் உரிமைதான் நான் கேட்பது. 2018க்குப் பின் அந்த உரிமையைப் பயன்படுத்த ஒரு மாகாண சபைத் தேர்தல்கூட நடக்கவில்லை.

4 ஜூன்

அரிசி விலைக்கு வருகிறேன். கேள்வி கேட்டவருக்கு அதில் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடை செய்தார்கள். விவசாயம் மாகாண சபைப் பட்டியலில் இருக்கிறது. அந்த நேரம் ஒன்பது மாகாணங்களில் ஒன்றிலும் சபை இல்லை. எல்லாம் காலாவதியாகி, ஆளுநர்களும் அதிகாரிகளும் மட்டும் இருந்தார்கள். பொலன்னறுவையிலும் கிளிநொச்சியிலும் நெல் மஞ்சளித்து நின்றபோது, இது நடக்காது என்று எழுந்து சொல்ல மக்கள் தெரிவுசெய்த ஒரு மாகாண விவசாய அமைச்சர்கூட நாட்டில் இல்லை. நவம்பரில் தடையை விலக்கினார்கள். விதைப்பு நவம்பருக்காகக் காத்திருக்குமா? 2022இல் ஆட்சிக்கு எதிராகக் கொழும்புக் காலிமுகத்திடலில் கூடியவர்கள் பெரும்பாலும் சிங்கள இளைஞர்கள். என் மேசைக்கு முன்னால் நின்றவர்கள் முப்பது ஆண்டு கேட்டதையே அவர்களும் கேட்டார்கள்: முடிவெடுத்தவரை எங்கே போய்ப் பிடிப்பது?

ஆகவே விலையும் அதிகாரமும் இரண்டு கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை.

7 ஜூன்

இன்று ஹஜ்ஜுப் பெருநாள். இந்த நாளில் எனக்கு ஒரு நீலத் துணி நினைவுக்கு வரும்.

1990இல் ஐந்து சந்திப் பக்கம் ஒரு முஸ்லிம் தையல்காரரிடம், நாங்கள் நானா என்று அழைப்பவரிடம், காற்சட்டைக்குத் துணி கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். இரண்டு மணி நேர அவகாசம். வடக்கு முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். நான் அன்று வீதி ஓரத்தில் நின்று பார்த்தேன். ஒன்றும் பேசவில்லை. பயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது, ஆனால் அது முழுக் காரணம் ஆகாது. நமக்கு வரவில்லை என்ற ஆறுதலும் அதில் கலந்திருந்தது. சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1995இல், அதே ஒக்டோபர் 30 அன்று நாங்கள் மூட்டை கட்டினோம்.

2011இல் நானா என் மேசைக்கு வந்தார். புத்தளத்தில் இருபத்தோரு ஆண்டு. தாடி முழுக்க வெள்ளை. என்னை அடையாளம் கண்டு, "தம்பி, உங்கள் துணியை வெட்டிவிட்டேன், தைக்க நேரம் கிடைக்கவில்லை" என்றார். அவருடைய விண்ணப்பத்தில் இங்கே வசிப்பதற்கான ஆதாரம் இல்லை. பதிவு புத்தளத்தில் இருந்தது. சுற்றறிக்கைப்படி நிரந்தர வதிவிடம் காட்ட வேண்டும். இல்லாத வீட்டில் எப்படி வசிப்பது என்று கேட்டார். நான் சுற்றறிக்கையைக் காட்டினேன். கோவையில் "ஆவணங்கள் போதாது" என்று எழுதித் திருப்பி அனுப்பியது என் கை.

அந்தத் தெரு இன்னும் முழுதாக நிரம்பவில்லை. வடக்கின் அதிகாரம் வடக்குக்கு வேண்டும் என்று எழுதும்போதெல்லாம் அந்த மூன்று சொல்லும் என் முன்னால் வந்து நிற்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒரு மேசை இருந்தும் அந்த மனிதருக்கு அது கொழும்பைப் போலத் தூரமாக இருந்தது.

9 ஜூன்

திருத்தம்: "ஆவணங்கள் போதாது" இரண்டு சொல். ஒரு வாசகர் எண்ணிச் சொன்னார். அதற்குக் கீழே என் பெயரும் இருந்தது. மூன்று என்று நினைவில் பதிந்தது அதனால்தான் போலும்.

15 ஜூன்

கந்தோர் என்று ஏன் எழுதுகிறீர்கள், அலுவலகம் என்று எழுதலாமே என்று தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கதிரை போர்த்துக்கேயர் தந்தது, கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. காணிப் பதிவேட்டைத் தோம்பு என்று எங்கள் பாட்டனார் காலத்தவர் சொல்வார்கள். தேசவழமையைத் திரட்டிச் சட்டமாக்கியவர்களும் ஒல்லாந்தரே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஒருவர் மாறி ஒருவர் வந்து எங்கள் காணியை எழுதிவைத்துக்கொண்டே இருந்தார்கள். எழுதிய ஏட்டை எங்கள் கையில் தந்தவர் யாருமில்லை. அலுவலகம் என்று எழுதினால் எனக்கு அந்த மணம் வராது.

26 ஜூன்

நேற்று செம்மணியில் இருந்தேன். ஐ.நா. மனித உரிமைகள் ஆணையாளர் வந்தார். கொன்றவர்களைப் புதைத்த இடம் இது என்று 1998இல் நீதிமன்றத்தில் ஒரு சிப்பாய் சொன்னார். 1999இல் தோண்டியபோது பதினைந்து எலும்புக்கூடுகள். பிறகு இருபத்தாறு ஆண்டு மௌனம். இந்த ஆண்டு மயான வேலைக்கு மண் வெட்டியபோது எலும்பு தானாக வெளியே வந்தது.

ஒரு தாய் தகரக் கொட்டகை நிழலில் நின்று, குழியைத் துப்புரவு செய்பவரின் தூரிகையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறு தூரிகை, வீட்டுக்கு நிறம் பூச வாங்குவோமே, அதுபோல. ஒவ்வொரு முறை அது நகரும்போதும் அவருடைய வலதுகை விரல்களும் சேலைத் தலைப்பில் அப்படியே நகர்ந்தன. பக்கத்தில் போய் ஒன்றும் கேட்கவில்லை.

தெற்கிலும் 1988, 89, 90 ஆண்டுகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அவசரகால விதிகளுக்கு வேராக இருக்கும் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1947இல், பிரித்தானியர் போகும் தறுவாயில் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்து, 1982இல் நிரந்தரமாகி, இன்றும் இருக்கிறது. வடக்குத் தாயும் தெற்குத் தாயும் அந்தச் சட்டங்களைத்தான் சந்தித்தார்கள்.

28 ஜூன்

நேற்று உச்ச நீதிமன்றம் மார்ச் 28 வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று மாதக் கெடு முடிய ஒரு நாள் இருந்தது. வழக்குப் போட்டவர்களுக்கு நன்றி. வீதியில் இறங்கியவர்களுக்கும் நன்றி.

தொலைபேசி ஓயவில்லை. எல்லாம் முடிந்துவிட்டதா, இனிப் பயமில்லையா என்று கேட்கிறார்கள். அந்த 1931 சட்டம் அப்படியே இருக்கிறது. தடை இந்த ஒரு வர்த்தமானிக்கு.

2 ஜூலை

கேள்வி கேட்டவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். அவருடைய அம்மாவின் காணி பச்சிலைப்பள்ளிப் பக்கமாம், உறுதி தொலைந்துவிட்டதாம். அவர் மாகாண சபை பற்றி மனம் மாறவில்லை. மாறவும் வேண்டாம், அதைத் தேர்தல் வரும்போது வாக்குச் சாவடியில் பார்த்துக்கொள்வோம். இப்போது அம்மாவின் காணியைப் பார்ப்போம்.

ஆச்சியின் கோவை பற்றிப் பலர் கேட்டீர்கள். 2019இல் ஆச்சி போய்விட்டார். மீதிப் பாதி இன்னும் கம்பிக்கு அப்பால். மகள் விடுவித்த பகுதியில் தகரக் கொட்டில் போட்டிருக்கிறார். கிணற்றைத் துப்புரவு செய்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் உவர்.

நானும் ஓய்வுபெற்ற இரண்டு பேரும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை போடுகிறோம். உறுதி இழந்தவர்கள் பட்டியலை ஊர்வாரியாக எழுதப்போகிறோம். காலை எட்டரையிலிருந்து. யாரும் வரலாம், புத்தளத்திலிருந்து வருபவர்களுக்கு மதியம் சாப்பாடு வீட்டில் உண்டு. நானாவின் மகனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

வரும்போது பழைய தோம்பு இலக்கம், நில அளவை வரைபட இலக்கம், உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர், இவற்றில் எது நினைவிருந்தாலும் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் நினைவில்லை என்றால், அயலில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்பதையும். மூல உறுதி இருப்பவர்கள் அதை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள், நிழற்பிரதி போதும்.